மேல் படுக்கை

“ஏணி வேற வச்சிருக்கானுங்கக்கா. அஞ்சு படி” என்றான் குமரேசன்.

அவனுடைய அக்கா ஆதிலட்சுமி தறியிலிருந்து நிமிரவில்லை. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா வலமிருந்து இடம் போனது. இடமிருந்து வலம் வந்தது.

தறி ஓடும்போதுதான் இதைப் பேச வேண்டும் என்று அவன் காத்திருந்தான். நெய்கிறவர்கள் எதிரே நிற்பவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

கையில் செல்போன். அதில் ஒரு பெண் உல்லாசக் கப்பலின் குடும்ப அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போனதால் குமரேசன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தானே விளக்கினான்.

கீழே ஒரு இரட்டைக் கட்டில். பக்கத்தில் ஒரு சோபா, இரவில் அதுவே படுக்கை. நான்காவது ஆளுக்கு, ரயிலில் இருப்பதுபோல் சுவரிலிருந்து இறக்கிவிடும் மேல் படுக்கை. அதற்குத்தான் ஏணி.

“பாத்ரூம்ல நின்னா திரும்ப முடியாது. ஜன்னலு தெறக்கவே வராது. மூணு நாளும் ஏசி. உனக்குத்தான் ஏசி ஆவாதே.”

போன மாதம் இதே அறையைப் பற்றி மனைவி சுகன்யாவிடம் சொன்னபோது, இந்தக் குறைகளில் ஒன்றுகூட அவன் கண்ணில் பட்டிருக்கவில்லை.

வீட்டில் படுக்க இருப்பது ஒரே அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் குமரேசன், சுகன்யா, எட்டு வயதுப் பாப்பா. அந்தப் பக்கம் அக்கா. கல்யாணமான பத்து வருடமாக இப்படித்தான். சுகன்யா ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஒரே ஒரு தடவை, மூன்று நாள், நாம் மட்டும் போகலாமா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சென்னையில் கப்பல் ஏற வேண்டும். அக்காவிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

அதற்குத்தான் வாய் வரவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனைப் படிக்க வைத்தவள் அவள். இதே தறியில் உட்கார்ந்துதான் படிக்க வைத்தாள்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். நாலு பேராகப் போகலாமா என்று முதலில் கேட்டுவிடுவது. கேட்ட கையோடு அறையின் குறைகளை அடுக்குவது. ‘எனக்கு எதுக்குடா, நீங்க போய்ட்டு வாங்க’ என்று அவளே சொல்லிவிட்டால் யார் மேலும் பழி இல்லை.

கேட்டாகிவிட்டது, அடுக்கியும் ஆகிவிட்டது. அக்கா இன்னும் அதைச் சொல்லவில்லை.

“ஜன்னல்ல கடல் தெரியுமாடா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியும். எப்பப் பாத்தாலும் தண்ணிதான். ஒரே பேஜாரு.”

நாடா போனது, வந்தது.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சாயந்திரமானால் முட்டிக்குத் தைலம் தேய்ப்பாள். குமரேசன் மிச்சம் வைத்திருந்த கடைசிக் குறையை எடுத்தான்.

“கப்பல் ஆடிகினே இருக்கும்க்கா. அதுல ஏணி புடிச்சி மேல ஏறி, எறங்கி... உன் முட்டிக்கு அதெல்லாம் ஆவாது.”

தறி நின்றது.

அவன் பேச்சால் நிற்கவில்லை. சேலையில் பூ விழுவதற்கான துளை அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டு, தறிக்கு உச்சியில் ஜக்கார்டு பெட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஒரு அட்டை மடங்கிச் சிக்கியிருந்தது.

ஆதிலட்சுமி தறிக்குழியிலிருந்து எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு கால் உட்கார் பலகையில், மறுகால் தறியின் பக்கச் சட்டத்தில், கை குறுக்குக் கட்டையில். அடுத்த மூச்சில் உச்சியில் இருந்தாள். அந்தத் தறிக்கூடத்தில் ஏணி என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

குமரேசன் அண்ணாந்து பார்த்தான். சின்ன வயதில் தினம் பார்த்ததுதான். செய்யாற்றில் கம்பெனி வேலைக்குப் போன இந்தப் பதினைந்து வருடத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது. தறி நெய்கிற இந்த ஆரணியில், ஏற முடியாது என்பதைத் தவிர வேறு எந்தப் பொய் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்கும்.

அவள் அட்டையை நிமிர்த்திக்கொண்டே மேலிருந்து கேட்டாள்.

“எத்தினி படின்ன?”

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அறையில் நாலாவது படுக்கை இருக்கிறது என்று அவனே சொல்லியிருக்கிறான். ஏற முடியும் என்று அவள் காட்டிவிட்டாள். இப்போது ‘சரி, வரேன்’ என்று அவள் சொன்னால், சுகன்யாவுக்கு என்ன சொல்வது?

அவள் அப்படிச் சொல்லவில்லை. பெட்டிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். ஏறியது போலவே இறங்கினாள். பையை அவன் கையில் வைத்தாள்.

“பாப்பா போன வாரமே சொல்லிச்சு. ரூம் சாவி அட்டைய கழுத்துலயே மாட்டிகினு இருக்கணுமாமே. தொலைச்சிட்டு நிக்காதீங்க.”

உள்ளே மிச்சப் பட்டில் தைத்த சின்ன உறைகள். ஒவ்வொன்றுக்கும் முறுக்கிய பட்டுக் கயிறு. ஒன்று அவனுக்கு. ஒன்று சுகன்யாவுக்கு. கயிறு குட்டையாக இருந்தது பாப்பாவுக்கு.

அக்கா குழியில் இறங்கிக் காலை மிதியில் வைத்தாள். நாடா மறுபடி ஓட ஆரம்பித்தது.

குமரேசன் பையைக் கவிழ்த்து, உதறிப் பார்த்தான். நாலாவது இல்லை.