சிக்னல் கிடைக்கும் இடம்

உச்சமுனைக் கரையில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வாப்பாவின் தோணி முனைதான். பஸ்மியா அதில் ஏறி, போனை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறாள். போனில் கணக்கியல் முதுமாணிப் பட்டப்படிப்பு வகுப்பு நடக்கிறது. தோணியை இறக்க வந்தவர்கள் மணலில் காத்து நிற்கிறார்கள். அந்திவெயில் வலை மிதவைகளில் மினுங்குகிறது. “இறங்கு புள்ள. பொம்புள ஏறின தோணிக்கி மீன் படாது,” என்கிறார் வாப்பாவின் தம்பி, சாச்சா மஹ்ரூப். காற்றில் படபடக்கும் முக்காட்டை அவள் இழுத்துச் செருகிக்கொள்கிறாள். “நேத்து நான் ஏறல்ல. பட்டுச்சா சாச்சா?” யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். சாச்சா கோபத்தோடு தோணியைத் தள்ளுகிறார். மற்றவர்களும் தோள் கொடுக்கிறார்கள். மணலை உரசிக்கொண்டு போன தோணி தண்ணீரில் மிதக்கிறது. அவள் இறங்கவில்லை. போனில் விரிவுரையாளர் கூப்பிடுகிறார்: “பஸ்மியா, கேக்குதா?” சாச்சாவின் முகத்தைப் பார்த்தபடியே அவள் சொல்கிறாள்: “இப்ப இன்னும் நல்லாக் கேக்குது சேர்.”