எதிர்க்கடை வாடிக்கையாளர்

மத்தியானமே பனிமூட்டம் இறங்கி, ஊட்டி கமர்ஷியல் ரோட்டின் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களில் விளக்கு எரிகிறது. வாடிக்கையாளர் நிற்காத கடையில் எந்த டூரிஸ்டும் ஏறமாட்டான் என்பது இங்கே கடைக்காரர்கள் கணக்கு. "சித்த நின்னுட்டுப் போங்கண்ணா" என்று ஜெஸிந்தா கூப்பிட்டதால், எதிரே ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பெனிஸ் அவள் சாக்லேட் கடையில் வாடிக்கையாளர் மாதிரி நிற்கிறார். நாளைக்கு அவள் அவர் கடையில் நிற்பாள். அவரைப் பார்த்துத்தான் இரண்டு பெண்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். "வருஷா வருஷம் இங்கதாங்க வாங்கறது" என்கிறார், வாயில் சாக்லேட் கரைய. கண்ணாடிக்கு அப்பால், அவருடைய கடையில் ஒரு குடும்பம் ஏறுகிறது. சிவப்பு ஸ்வெட்டரைக் குழந்தையின் முதுகில் வைத்துப் பார்க்கிறார்கள்; கடைக்காரரைத் தேடுகிறார்கள். பெனிஸின் கால் வாசல் பக்கம் திரும்புகிறது. ஜெஸிந்தாவும் பார்த்துவிட்டாள். பெண்கள் இன்னும் எதுவும் வாங்கவில்லை. அவள் கத்தி நுனியில் இன்னொரு துண்டை அவரிடம் நீட்டுகிறாள். "இதையும் ருசி பாருங்க, சார்."