இரண்டு கட்டைகளுக்கு நடுவே

தேவசகாயம் பாடும் சுருதி கீபோர்டில் இல்லவே இல்லை.

கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இசைவாணி ஒரு கட்டையை அழுத்தினாள். அவர் குரல் அதற்கு மேலே நின்றது. அடுத்த கட்டையை அழுத்தினாள், கீழே நின்றது. இரண்டுக்கும் நட்டநடுவில் இன்னொரு கட்டை முளைத்தால்தான் உண்டு.

சிதம்பரத்தில், மேல வீதிக் கல்யாண மண்டபம். பிற்பகல் மூன்று மணி. ஏழு மணிக்கு வரவேற்பு. அப்பா அந்தப் பழைய இங்கிலீஷ் ராக் பாட்டைப் பாடினால்தான் மேடை ஏறுவேன் என்று மணப்பெண் வெண்மதி சொல்லிவிட்டாள்.

“மச்சான் வாயத் தொறந்தா கீபோர்டே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்பூடும்!” என்றார் ஜெயப்பிரகாஷ். பெண்ணின் தாய்மாமன். முப்பத்தைந்து வருஷமாக இதே கிண்டல்; சொந்தக்காரர்களும் அலுக்காமல் சிரித்து வந்தார்கள்.

தேவசகாயம் மைக்கைக் கீழே வைத்தார். “உட்டுடும்மா. எனக்கு ரசிக்கத்தான் வரும், பாட வராது. தொண்ட கட்டிக்கிச்சின்னு பாப்பாகிட்ட சொல்லிக்கிறேன்.”

ரசிக்க வரும் என்பது அடக்கமான பேச்சு. காலையிலிருந்து அந்தப் பாட்டை அவளுக்குப் பிரித்துப் பிரித்துக் காட்டியிருந்தார். முதல் சரணத்தில் ஒரே கிட்டார். இரண்டாவதில் இன்னொன்று, இடது காதில் மட்டும். மூன்றாவதற்கு முன்னால் விரல் கம்பியில் வழுக்கி ஒரு கீச்சொலி; அந்தக் கீச்சு இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்றார். டிரம்ஸ்காரன் ஓர் அடியை வேண்டுமென்றே தாமதிக்கும் இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படிப்பட்ட காதுக்காரருக்குச் சுருதி மட்டும் எப்படித் தவறும்?

இசைவாணி பகலில் பக்கத்துக் கட்டடத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவள். குரல் சரியில்லாதவர்கள் சுருதியில் அங்கேயும் இங்கேயும் அலைவார்கள். இவர் அலையவில்லை. பத்துத் தடவை பாடினாலும் அதே நடு இடம். சர்ச்சில் கீர்த்தனை பாடும்போது ஆர்கனோடு ஒட்டித்தான் பாடுவாராம். இந்தப் பாட்டில்தான் விலகல். போதாததற்கு, டிரம்ஸ் வாசிக்கும் அறிவழகன், “சாரு ஓடுறாருக்கா, பிடிக்க முடியல” என்றான்.

சுருதியும் கூடுதல், வேகமும் கூடுதல். இரண்டும் சேர்ந்தே மாறுவது தொண்டையில் அல்ல. மோட்டாரில்.

“இத எதுல கேட்டுக் கத்துக்கிட்டீங்க, அங்கிள்?”

கார் டேஷ்போர்டிலிருந்து ஒரு கேசட் வந்தது. தொண்ணூறாம் வருஷம் கடையில் கொடுத்துப் பதிந்தது. செல்போனிலும் அதே பாட்டு இருக்கிறதே என்றால், அது தூங்கி வழிகிறது என்றார்.

அவள் கடைக்கு ஓடி பேட்டரி வாக்மேன் ஒன்றை எடுத்து வந்தாள். கரண்டில் ஓடும் பெட்டி தன் உறுமலையும் கலந்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

பாட்டை அவள் கேட்கவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலிருந்த மௌனத்தைக் கேட்டாள். அதற்குள் மெல்லிய ஒரு ‘ம்ம்ம்’. பதிந்த அன்று அந்தக் கடையில் ஓடிய கரண்டின் முனகல். நம் ஊர்க் கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை அதிரும். வயரைச் செருகிச் செல்போனில் அளந்தாள். ஐம்பத்தொன்றரை.

நூற்றுக்கு மூன்று கூடுதல். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் நூற்றுக்கு ஆறு. மூன்று என்றால் நட்டநடு.

பதிந்தவர் மோட்டாரைக் கொஞ்சம் மெதுவாக ஓட விட்டிருக்கிறார். அரைமணிப் பக்கத்தில் ஒரு நிமிஷப் பாட்டு கூடுதலாக அடங்கும். ஆனால் வேறு எந்தப் பெட்டியில் போட்டாலும் பாட்டு விரைந்து, உயர்ந்து ஒலிக்கும்.

தேவசகாயம் ஒரு நாளும் தப்பாகப் பாடியதில்லை. கேட்டதைக் கேட்டபடியே, மயிரிழை பிசகாமல், முப்பத்தைந்து வருஷம் பாடியிருக்கிறார்.

இசைவாணி இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கேசட்டின் அட்டையைத் திருப்பினாள். பச்சை மையில் பாட்டுகளின் வரிசை. அடியில் மங்கிய ரப்பர் ஸ்டாம்ப்: ஜே.பி. ரெக்கார்டிங் சென்டர், திருப்பாதிரிப்புலியூர்.

ஜெயப்பிரகாஷ் தரையைப் பார்த்தார். “கடைசிப் பாட்டு பாதியில அறுந்தா கஸ்டமருங்க சண்டைக்கு வருவாங்க, மச்சான். அதான் மோட்டார் ஸ்க்ரூவ லேசா…”

தேவசகாயம் மைக்கை எடுத்தார்.

ஏழரை மணிக்குத் தேவசகாயம் பாடத் தொடங்க, வெண்மதி மேடை ஏறினாள். முதல் வரியிலேயே மண்டபம் பேச்சை நிறுத்தியது. இரண்டாவது சரணத்தில் சமையல்காரர்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்கள். மூன்றாவதற்கு முன் கிட்டார்காரர் மறக்காமல் கம்பியில் விரலை வழுக்கினார்; கீச். பாட்டு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டியவர் ஜெயப்பிரகாஷ்.

இசைவாணி செய்தது இவ்வளவுதான்: பாடுகிறவரை அப்படியே விட்டுவிட்டு, கீபோர்டையும் கிட்டார்களையும் இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதி ஏற்றினாள், தாளத்தை நிமிஷத்துக்கு நூறு அடியிலிருந்து நூற்றுமூன்றுக்கு மாற்றினாள்.