எஸ்கலேட் கௌதமன்

“எஸ்கலேட் பண்ணிட்டேன்! நேரா மேலிடத்துக்கே!”

கௌதமன் லேப்டாப்பை டப்பென்று மூடினான்.

தனப்பிரியா தோசையைத் திருப்பிப் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் வாயில் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை. கேஸ் சிலிண்டர் ஒரு நாள் தள்ளிப்போனால் எஸ்கலேட். சாம்பாரில் உப்பு கூடினால் மாமியாருக்குப் போன் போட்டு எஸ்கலேட்.

“இப்ப யாரு மேலங்க?”

“பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மேலதான். நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அமெரிக்கா மேனேஜரோட மீட்டிங். டீம் லீடர் போஸ்ட் எனக்கா, சென்னைக்காரனுக்கான்னு அதுலதான் முடிவாகும். எட்டுத் தறியும் தடதடன்னு அடிச்சா, நான் பேசறது அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?”

பெங்களூர்க் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், வாடகை குறைவு என்று மாமனார் ஊரான குமாரபாளையத்துக்குக் குடிவந்தவன் அவன். வாடகை பிடித்திருந்தது. தறிதான் பிடிக்கவில்லை.

“கந்தவேலண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போச்சு. ஒரு மணி நேரந்தானுங்களே?”

“நேர்ல போய்க் கேட்டா கெஞ்சற மாதிரி ஆயிடும். எதுக்கும் ஒரு முறை இருக்கு. பிரச்சினையை உரிய மேலிடத்துக்குக் கொண்டு போகணும். அதுக்குப் பேருதான் எஸ்கலேட்.”

“எங்கூர்ல அதுக்குக் கோள் மூட்டறதும்பாங்க.”

“உனக்குப் புரியாது. விஷயத்தோட தீவிரத்தைக் கூட்டறது.”

“ஊதிப் பெருசாக்கறதுங்களா?”

கௌதமன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான். ஊதித்தான் இருந்தான். ‘முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைகள் உறக்கமின்றித் தவிக்கின்றனர். தறிக்கூடத்தை உடனே மூட வேண்டும்’ என்று கலெக்டர் ஆபீசுக்கு ஆன்லைனில் மனு. அந்த வீட்டில் முதியோரும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை. மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குகிறவனும் அவன்தான்.

“மூடச் சொல்லியா எழுதினீங்க? அதை நம்பி நாலு குடும்பம் சாப்புடுதுங்க!”

“பெருசாக் கேட்டாத்தான் கொஞ்சமாவது நடக்கும். நாளைக்கு ஏழு மணிக்கு நேர்ல ஆய்வுக்கு வர்றாங்களாம், மெசேஜ் வந்தாச்சு. நீ இதுல தலையிடாதே.”

மறுநாள் சாயங்காலம். ஏழு மணி நெருங்கியும் தறிகள் அடித்துக்கொண்டுதான் இருந்தன. கௌதமன் நிமிஷத்துக்கொரு தரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். இந்தப் பதவிக்காக மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான்.

திடீரென்று ஒவ்வொன்றாக எட்டுத் தறியும் நின்றன.

குமாரபாளையத்தில் தறி நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை தெருவில் எழவு விழுந்திருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“பாத்தியா? ஆளுங்க வந்துட்டாங்க. இதான் எஸ்கலேஷனோட பவர்!”

“இல்லீங்க, நான் காலையில...”

“உஷ்!” கையைக் காட்டி அவளை அடக்கிவிட்டு மீட்டிங்கில் நுழைந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகப் பேசினான். சிக்கலான சூழ்நிலையை எப்படிச் சமாளிப்பாய் என்று அமெரிக்க மேனேஜர் கேட்டபோது, உதாரணத்துக்கு எங்கும் தேடிப் போகவில்லை.

“இன்றைக்கே என் தெருவில் ஒரு பெரிய பிரச்சினை. அனாவசியப் பேச்சு வைத்துக்கொள்ளாமல் சரியான இடத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது பாருங்கள், எவ்வளவு அமைதி!” என்று ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினான்.

மேனேஜர் கட்டை விரலை உயர்த்தினார். ஐந்து நிமிஷத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு கலந்து பேசப் போனார்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே ஜீப் வந்து நின்றது.

“கந்தவேல் யாருங்க? தறிச் சத்தம் தாங்கலைன்னு மனு வந்திருக்கு. கூடத்தையே மூடணுமாம். அளந்து பாக்க வந்திருக்கோம்.” கரகரத்த அதிகாரக் குரல். “என்னய்யா இது, சத்தமே இல்லையே?”

கௌதமன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். இப்போதுதான் வருகிறார்கள் என்றால், தறியை நிறுத்தியது யார்?

இருந்த நிசப்தத்தில், கந்தவேல் கிசுகிசுத்தது ஒரு சொல் விடாமல் கேட்டது.

“சார், சார், கொஞ்சம் மெல்லப் பேசுங்க. பக்கத்து ஊட்டுத் தம்பிக்கு இன்னிக்கு முக்கியமான மீட்டிங்குன்னு தங்கச்சி காலையில சொல்லுச்சுங்க. தம்பி நல்லபடியா பேசி முடிக்கட்டும், அப்புறம் எட்டுத் தறியையும் ஓட்டிக் காட்டறேன். வேணுங்கற மட்டும் அளந்துக்கங்க.”