ஒற்றை மாப்பிள்ளை

சோளக்காட்டில் அடிக்கிற களைக்கொல்லி மருந்தெல்லாம் வழிந்து வந்து சேர்கிற குட்டை அது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அங்கே ஆண் தவளைகள் ஒவ்வொன்றாகக் குரல் வற்றிப் பெண்ணாகிக்கொண்டிருந்தன. வெடிவாயன் என்ற தவளைக்கு மட்டும் அதில் கொள்ளைச் சந்தோஷம்.

“மாமா, இந்த வருஷம் போட்டிக்கு ஆளே இல்லை. அத்தனை பொண்ணுக்கும் நான் ஒருத்தன்தான் மாப்பிள்ளை,” என்று ஆமையிடம் பீற்றிக்கொண்டான்.

“நீயும் அதே தண்ணியிலதானேப்பா கிடக்கிறே?” என்றது ஆமை.

“நம்ம உடம்பு இரும்பு மாமா. இந்தத் தொந்திகூடக் கல்யாணப் பூரிப்புதான்.”

முதல் மழையன்று வெடிவாயன் கரையேறி, பெண்களை அழைக்க வாயைத் திறந்தான். கீச்சென்று ஏதோ வந்தது. உடனே பக்கத்துக் குளத்து முரட்டுத் தவளை ஒன்று தாவி அவன் முதுகில் ஏறிக்கொண்டது.

“யோவ், இறங்குய்யா. நான் ஆம்பளை.”

“வயிறு நிறைய முட்டையை வெச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?” என்றது முரடு.

வெடிவாயன் தொந்தியைத் தடவிப் பார்த்தான். உள்ளே குண்டுகுண்டாக நூறு உருண்டன. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லக் கேட்டான்.

“அது கிடக்கட்டும். உங்க குளத்துக்கு மேலே சோளக்காடு ஏதும் உண்டா?”