பார், லா, வா, மோ

"பார், லா, வோ." மேஜையைத் தட்டித் தட்டிப் படித்தாள் மனைவி. அசைக்கு ஒரு தட்டு.

எதிரே சக்கர நாற்காலியில் கணவர். முப்பது வருடம் கல்லூரியில் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து நான்கு மாதமாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

தாய்மொழியில் அடைத்துக்கொண்ட பேச்சு, கற்ற மொழி வழியாக வந்தாலும் வரலாம், எதற்கும் முயன்று பார்ப்போம் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் சொன்னாள். அவளும் பக்கத்தில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். அலமாரியைக் குடைந்து அவருடைய பழைய பாட நோட்டை எடுத்து வந்திருந்தாள் மனைவி.

அவளுக்கு இத்தாலிய மொழி மருந்துக்கும் தெரியாது. நல்லவேளை, ஒவ்வொரு வினைச்சொல்லையும் பென்சில் கோடு போட்டு அசையசையாகப் பிரித்து, பக்கத்தில் உச்சரிப்பையும் பொருளையும் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

படிக்கப் படிக்க அவளுக்கு வியப்பு தாளவில்லை. 'பார்ல்' என்றால் பேச்சு. பின்னால் ஒரு வகரம் வந்தால் அது முன்பு வழக்கமாக நடந்தது. கடைசியில் 'ஓ' என்று முடிந்தால் நான், 'இ' என்று முடிந்தால் நீ. செயல், காலம், ஆள், எல்லாம் ஒரே சொல்லுக்குள். நம் 'பேசினேன்' மாதிரியேதான். பிறந்ததிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தும் அவள் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

இந்த மனிதர் இத்தனை வருடமும் இதற்குள்ளேயா இருந்தார்?

மறுபடி தட்டினாள். பார், லா, வோ. முன்பெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அவருடைய இடது கை மேஜைமேல் ஊர்ந்தது. ஒரு தட்டு. இரண்டு. மூன்று.

அதோடு நிற்கவில்லை. நான்காவதாக ஒன்று.

தப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் உதடு கோணிப் பிரிந்தது.

"பார்... லா... வா... மோ."

பயிற்சிப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லவில்லை, சொல்லின் முடிவைத் தானே மாற்றியிருக்கிறார் என்றாள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள்.

மனைவி நோட்டில் விரலை ஓட்டினாள். நான்காவது வரி, அவர் கையெழுத்து.

முன்பெல்லாம் நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

"வீட்ல ரெண்டு பேரும் ஓயாம பேசிப்பீங்க போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பயிற்சிப் பெண்.

பக்கவாதத்துக்கு முந்தைய ஒன்பது வருடம், ஒரே வீட்டில், உப்பு தீர்ந்தால்கூடச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

மனைவி நோட்டை மூடினாள். நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள்.