ஆர்கன் நிற்கக் கூடாது

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர்த் தேவாலயத்தில் மணப்பெண் உள்ளே வரும்வரை ஆர்கன் நிற்கக் கூடாது. அங்கே இருபது வருடமாகப் பாடகர் குழுவை நடத்தி, ஆர்கனும் வாசிக்கும் மெரிலின், மாடத்தில் ஒரே மெட்டை ஏழாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை வாசலையே பார்க்கிறாரு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு," என்றார் குழுவில் பாடும் நெவில்.

"தெரியுது. ஆர்கன் மேல மாட்டியிருக்கிற கண்ணாடியில பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"பொண்ணு ஓடிட்டாளாம். கீழே கிசுகிசுக்கிறாங்க."

மெரிலினின் விரல் வழுக்கி ஒரு சுரம் தப்பியது.

படிகளில் தடதடவென்று ஏறி வந்தார் பக்கத்து ஊர் ஆர்கன்காரர். "மன்னிச்சுக்கோம்மா, டயர் பஞ்சர்!" மூச்சிரைக்க அவளருகே உட்கார்ந்து, மெட்டு அறுபடாமல் வாசிப்பை வாங்கிக்கொண்டார்.

மெரிலின் எழுந்தாள். மிதிகட்டைகளில் சிக்காதபடி முழங்கால்வரை சுருட்டியிருந்த வெள்ளைக் கவுனை உதறிவிட்டாள்.

"நெவில், என் பூச்செண்டு எங்கே?"